அர்பாபின் மரத்தில் அறுபத்து மூன்று வடு

கையில், நான் சமைக்கும் வீட்டு மேடத்தின் நீல பிளாஸ்டிக் வாளி. வாளிக்குள் அறுபத்து மூன்று வடுமாங்காய். எல்லாம் காம்போடு பறித்தவை, ஒவ்வொன்றும் என் கட்டைவிரல் அளவு. பால் பட்டு விரல்கள் பிசுபிசுத்தன. ராஸ் அல் கைமாவில் ஒரு பேரீச்சந்தோட்டத்தில், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், மாவடு கிடைத்துவிட்ட சந்தோஷத்தில் சீட்டியடித்துக்கொண்டு வந்தேன்.

எதிரே பிக்கப்பை நிறுத்திவிட்டு இறங்கினான் செல்வராஜ். தோட்டத்து டிரைவர். உடன்குடிக்காரன், என் வயதுதான். இரண்டு நாள் துபாய் போய்விட்டு அப்போதுதான் திரும்பியிருந்தான். வாளிக்குள் எட்டிப் பார்த்தான். பிறகு என் முகத்தைப் பார்த்தான்.

"ஏ வே, இது எங்கன புடிச்சீரு?"

"ஆட்டுக் கொட்டகைக்குப் பின்னாடி ஒத்த மரம் நிக்குதுல்ல, அதுலதான்."

செல்வராஜ் வண்டியின் பானெட்டில் தொப்பென்று உட்கார்ந்தான். சுட்டது போலிருக்கிறது, உடனே எழுந்துகொண்டான்.

"அது அர்பாபு மரம் வே."

"இங்க எல்லாமே அர்பாபு மரந்தானய்யா."

"கோட்டிக்காரத்தனமா பேசாதயும். மூணு வருசமா புள்ள மாதிரி வளத்த மரம். இந்த வருசந்தான் மொத மொதல்ல காச்சிருக்கு. போட்டோ புடிச்சு சொந்தக்காரவுக எல்லாருக்கும் அனுப்பிருக்காரு. வார சனிக்கிழம அவரு பெரியப்பா மவன் வாராரே, எதுக்குன்னு நெனச்சீரு? உம்ம சோத்துக்கா? அந்த மாங்காயப் பாக்கத்தான் வே வாராரு!"

வாளியைக் கீழே வைத்தேன். நான் மூன்று நாடு பார்த்தவன். பறித்த மாங்காயைத் திரும்ப ஒட்டவைக்க எந்த நாட்டிலும் வழியில்லை.

அர்பாப் என்றால் இங்கே முதலாளி. நம் விசா அவர் பெயரில் நிற்கும். புதுப்பிக்க அவர் கையெழுத்து வேண்டும், இல்லையென்றால் ஊருக்கு டிக்கெட். என் விசா முடிய அப்போது நாற்பது நாள் இருந்தது. புதுப்பிப்பதா வேண்டாமா என்பதைச் சனிக்கிழமைச் சாப்பாட்டுக்குப் பிறகு சொல்வதாக அர்பாப் சொல்லியிருந்தார்.

பருவம் இல்லாத அடுப்பு

இந்தத் தொடரை இன்றுதான் கையில் எடுத்தவர்களுக்காக ஒரு பத்தி. நான் அறந்தாங்கிப் பக்கம். எட்டாம் வகுப்பில் பள்ளிக்கூடம் எனக்கு அலுத்தது, பள்ளிக்கூடத்துக்கும் நான் அலுத்திருப்பேன். திருப்பூரில் சாயப்பட்டறை, திருச்சியில் கல்யாணச் சமையல்காரர் ஒருவரிடம் காய் நறுக்கும் வேலை, பம்பாயில் கேண்டீன், மஸ்கட்டில் ரொட்டிக் கடை, அஜ்மானில் கஃபெடேரியா. எங்கேயும் இரண்டு வருடம் தாண்டியதில்லை. கால் அரிக்க ஆரம்பித்துவிடும், கிளம்பிவிடுவேன்.

கடைசியாக, போன வாரம் எழுதினேனே, துபாய் அல் கூஸ் தொழிலாளர் கேம்ப். முந்நூறு பேருக்குச் சமைக்கும் மெஸ். அங்கே பருவம் என்றால் இரண்டுதான். ஏசி ஓடும் பருவம், ஏசி கெட்டுப்போன பருவம். அரிசி மூட்டையில் வரும், கோழி ஐஸ் கட்டியாக வரும், தக்காளி டின்னில் வரும். ஜனவரியில் வைத்த பருப்பும் ஆகஸ்டில் வைத்த பருப்பும் ஒரே பருப்பு. ஆகஸ்டில் என் வியர்வை கொஞ்சம் கூட விழுந்திருக்கலாம்.

அந்தச் சமையலில் யாருக்கும் புகார் கிடையாது. காலை நாலரைக்கு பஸ் ஏறுகிறவன் டப்பாவில் என்ன இருக்கிறது என்று பார்ப்பதில்லை, இருக்கிறதா என்றுதான் பார்ப்பான். ஒருநாள் கொதிக்கிற எண்ணெய் இடது முழங்கையில் கொட்டியது. ஒரு வாரம் வலது கையால் மட்டும் கிண்டினேன். சப்பாத்தி மட்டும் அந்த வாரம் மெனுவில் இல்லை.

கேம்ப் மூடினார்கள். எல்லாரையும் வேறு வேறு இடத்துக்குப் பிரித்தார்கள். அப்போதுதான், அஜ்மான் நாளிலிருந்தே பழக்கமான செல்வராஜ் போன் செய்தான். "கைமாவுல ஒரு தோட்டம். ஒரு வெள்ளக்காரம்மாவுக்கு சமையலுக்கு ஆளு வேணுமாம். கேம்பு கெடயாது, தனி ரூமு. வாரீரா?"

தனி ரூம் என்றால் நரகத்துக்கும் போவேன். போனேன்.

வாசலில் நின்றால் தெரிவது

எலென் மேடம் பிரான்சுக்காரர். அறுபது தாண்டியவர். அவர் கணவர் பக்கத்து ஆலை ஒன்றில் எஞ்சினியராக இருந்து ஓய்வு பெற்றவர். அவருக்கு இந்த மலைகளை விட்டுப் போக மனமில்லை, மேடத்துக்குச் சும்மா இருக்க மனமில்லை. அர்பாபின் தோட்ட வீட்டை வாடகைக்குப் பிடித்து, குளிர்கால சனிக்கிழமைகளில் பன்னிரண்டு நாற்காலி போட்டு மத்தியானச் சாப்பாடு போட்டார். துபாயிலிருந்து கார் ஓட்டிக்கொண்டு வந்து சாப்பிட்டுப் போனார்கள். அர்பாப்பும் அதில் கூட்டாளி. ஆள், விசா எல்லாம் அவர் பொறுப்பு.

முதல் நாள் நான் கேட்டேன், "மேடம், மெனு?"

"தெரியாது. வா, பார்க்கலாம்."

கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, இன்ஸ்பெக்டர் போல, பாத்தி பாத்தியாக நடந்தார். கத்தரிக்காயைத் தட்டிப் பார்த்தார். முள்ளங்கியைப் பிடுங்கி, மண்ணைக் கால்சட்டையில் துடைத்துவிட்டுக் கடித்தார். ஆட்டுக் கொட்டகையில் பால் எவ்வளவு என்று கேட்டார். அதன் பிறகுதான் அடுப்புப் பக்கம் வந்தார். என்ன சமைக்கலாம் என்ற கேள்வியே அவரிடம் கிடையாது. என்ன இருக்கிறது என்பதுதான் கேள்வி.

அவருக்கு ஒரு விதி உண்டு. சமையலறை வாசலில் நின்றால் கண்ணுக்குத் தெரிவதைத்தான் சமைக்க வேண்டும். வாசலில் நின்றால் முன்னால் தோட்டம், அதற்குப் பின்னால் மலை, இடது பக்கம் தூரத்தில் ஒரு கோடு போலக் கடல். மூன்றில் ஒன்றிலிருந்து வந்தால் சரி. அரிசி, பருப்பு, உப்பு, எண்ணெய், மசாலாவுக்கு மட்டும் விலக்கு. அவருடைய சொந்த ஊரில் கடையே கிடையாதாம். வசந்தத்தில் கீரையும் முட்டையும், கோடையில் தக்காளி, இலையுதிர் காலத்தில் காளானும் வால்நட்டும், குளிரில் முட்டைக்கோசும் வாத்துக் கொழுப்பும். அவருடைய அம்மா வேறு எதையும் சமைத்ததில்லை என்றார்.

இங்கே வந்தபோது அவருக்கு ஒரே சிக்கல்தான். காலண்டர் தலைகீழ். அவர் ஊரில் ஆகஸ்டில் சாப்பிடுவது இங்கே ஜனவரியில் காய்க்கிறது. ஆகஸ்டில் இங்கே பேரீச்சையும் வெண்டைக்காயும் தவிர வேறொன்றும் உயிரோடு இருக்காது. "இரண்டு வருடம் என் வயிறு குழம்பிப்போய்க் கிடந்தது, முத்தூ" என்றார். என் பெயர் முத்து. கடைசியில் இழுப்பது அவர்.

அவர் ஆங்கிலமும் உடைந்தது, என் ஆங்கிலமும் உடைந்தது. உடைந்த இடங்கள் வேறு வேறு என்பதால் பேச்சு எப்படியோ ஓடியது.

முதல் மாதம் எனக்கு இது கிறுக்குத்தனமாக இருந்தது. மீன் சந்தையில் அழகழகாக வெளிநாட்டு மீன் கிடக்கும்போது, படகில் அன்று காலை வந்த சாளைதான் வேண்டும் என்று நிற்பார். ஷேரி, ஸாஃபி என்ற இந்த ஊர் மீன்கள் இரண்டையும் அவை முட்டையிடும் மாதங்களில் பிடிக்கக் கூடாது என்று இங்கே சட்டம். அந்த மாதங்களில் யாராவது விருந்தாளி ஷேரி கேட்டால், "அது பிரசவத்துக்குப் போயிருக்கிறது" என்பார்.

இரண்டாவது மாதம், காலையில் எழுந்ததும் நானே கையைப் பின்னால் கட்டிக்கொண்டு பாத்திப் பக்கம் போவதைச் செல்வராஜ் பார்த்துவிட்டுச் சிரித்தான். "என்ன வே, பண்ணையாரு ரவுண்ட்ஸா?"

மூன்று பெயர், ஒரு கீரை

அந்தக் குளிரில் ஒருநாள் நல்ல மழை. மழைக்குப் பிறகு மலை எப்படி இருக்கிறது என்று பார்க்க அர்பாப் கிளம்பினார். அவர் வாரநாட்களில் அபுதாபியில் வேலை பார்ப்பவர், தோட்டத்துக்கு வந்தால் வீட்டுக்குள் உட்காரமாட்டார். மேடத்தையும் என்னையும் ஏற்றிக்கொண்டார்.

மலைச்சாலை ஓரத்தில் ஒருவர் வண்டி டிக்கியைத் திறந்துவைத்து, ஏதோ கீரையைக் கட்டுக் கட்டாக அடுக்கியிருந்தார். வண்டி நின்றதும் மூன்று பேரும் ஒரே நேரத்தில் வாய் திறந்தோம்.

"ஹும்மைத்!" என்றார் அர்பாப்.

"ஒஸேய்!" என்றார் மேடம்.

"சுக்காங்கீரை!" என்றேன் நான்.

ஒருவரை ஒருவர் சந்தேகமாகப் பார்த்தோம். ஆளுக்கு ஒரு இலையைக் கிள்ளி வாயில் போட்டோம். மூன்று முகமும் ஒரே மாதிரி சுருங்கியது. அதே புளிப்பு.

பிறகு சண்டை. இதைப் பச்சையாகச் சோற்றோடும் மீனோடும் தின்ன வேண்டும், சமைப்பது பாவம் என்றார் அர்பாப். வெண்ணெயில் வதக்கி, முட்டை அடித்து ஊற்றி, சூப்பாகக் குடிக்காவிட்டால் அது கீரையே இல்லை என்றார் மேடம். நான் முதலாளிகளுக்கு நடுவில் என்ன பேசுவது? வீட்டுக்கு வந்ததும் பேசாமல் துவரம்பருப்பை வேகப்போட்டு, கீரையைக் கடைந்து, பூண்டு தட்டிப் போட்டுத் தாளித்து வைத்தேன்.

அன்று மேஜையில் மூன்றும் இருந்தன. அர்பாப் தன்னுடையதைச் சாப்பிட்டார். மேடத்துடையதை மரியாதைக்கு ஒரு கரண்டி குடித்தார். என்னுடையதை மூன்று முறை வாங்கிக்கொண்டார். போகும்போது, "தால் அச்சா" என்றார்.

அவ்வளவுதான். ஆனால் திருப்பூரிலிருந்து அல் கூஸ் வரை நான் சமைத்த எதையும் பற்றி எந்த முதலாளியும் இரண்டு வார்த்தை சொன்னதில்லை. அன்றிலிருந்து கால் அரிப்பது நின்றுபோயிருந்தது. அதை நான் கவனித்தது பிறகுதான்.

மெனு உன்னுடையது

மாசி பங்குனி வாக்கில் மேடத்தின் மகளுக்குப் பிரசவம். இரண்டு வாரம் பிரான்ஸ் போகவேண்டி வந்தது. அந்த நேரம் பார்த்து அர்பாப் ஒரு சந்தேகத்தைக் கிளப்பினார். கோடையில் விருந்தாளி வரமாட்டார்கள், மேடமும் ஊருக்குப் போய்விடுவார். ஐந்து மாதம் இங்கே ஒரு சமையல்காரன் எதற்கு?

மேடம் எனக்காக வாதாடினார். அர்பாப் ஒரு வழி சொன்னார். "என் அண்ணன் சனிக்கிழமை எட்டு பேரோடு வருகிறார். இவன் தனியாகச் சமைக்கட்டும். பார்த்துவிட்டுச் சொல்கிறேன்."

ஏர்போர்ட்டுக்குக் கிளம்பும்போது மேடம் என் கையைப் பிடித்துக்கொண்டார். "மெனு உன்னுடையது, முத்தூ. விதி மட்டும் என்னுடையது."

மறுநாள் காலை சமையலறை வாசலில் நின்று பார்த்தேன். கத்தரி இருந்தது. முள்ளங்கி இருந்தது. கொட்டகைக்கு அப்பால் ஒரு சின்ன மாமரம் இருந்தது, கொத்துக் கொத்தாக வடுவோடு.

மாமரத்தைப் பார்த்தால் இந்த ஊர்க்காரர்களுக்குப் பழம் ஞாபகம் வரும். ஆனி ஆடி வரை காத்திருப்பார்கள். மேடத்துக்கும் அப்படித்தான். பங்குனியில் ஒரு மாமரத்தைப் பார்த்து, பருவம் வந்துவிட்டது, இன்றைக்கே பறிக்கணும், நாளைக்கு விட்டால் கொட்டை முற்றிவிடும் என்று பதறுகிறவன் தமிழன் மட்டும்தான். திருச்சி சமையல்காரரிடம் நான் கற்றுக்கொண்ட ஒரே நல்ல காரியம் மாவடு போடுவது. கடல் மீனைச் சுட்டுவைத்து, மோர்ச்சோறும் மாவடுவும் வைத்தால் அர்பாப் எழுந்து நின்று கையெழுத்துப் போடுவார் என்று நினைத்தேன்.

யாரிடமும் கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்றே தோன்றவில்லை. கண்ணுக்குத் தெரிந்தது, பறித்தேன்.

ஆட்டின் மேல் பழி

இனி வாளிக்குத் திரும்பலாம்.

"ஆடு தின்னுட்டுன்னு சொல்லும்" என்றான் செல்வராஜ்.

"ஆடு ஆறடி உயரத்துல, காம்ப விட்டுக் கிள்ளித் தின்னுமாய்யா?"

"அப்ப காத்து. போன வாரம் அடிச்சுதுல்லா."

"காத்துல விழுந்தா கீழ கெடக்கணுமே."

"கெடந்தத ஆடு தின்னுட்டு!" சொல்லிவிட்டு அவனே சிரித்தான். பிறகு முகம் மாறியது. "வெளயாட்டு இல்ல வே. போன வருசம் ஈச்சங்குலய தப்பா வெட்டுனவன அன்னைக்கே கேன்சல் பண்ணி அனுப்புனாரு. நாந்தான் ஏர்போர்ட்ல கொண்டு விட்டேன்."

சந்தையில் மாங்காய் வாங்கி நூலில் கட்டித் தொங்கவிடலாம் என்றும் ஒரு யோசனை சொன்னான். அதை ஐந்து நிமிடம் உண்மையாகவே ஆலோசித்தோம் என்பதை வெட்கத்தோடு எழுதுகிறேன்.

மேடத்துக்கு வாட்ஸ்அப்பில் பேசினேன். விஷயத்தைக் கேட்டதும் போனில் விசும்புவது போல ஒரு சத்தம். அழுகிறாரோ என்று பயந்தேன். சிரித்துக்கொண்டிருந்தார்.

"கண்ணுக்குத் தெரிவதைச் சமை என்றேன். கண்ணுக்குத் தெரிவதெல்லாம் உன்னுடையது என்று சொல்லவில்லையே, முத்தூ!"

"இப்ப என்ன செய்யறது, மேடம்?"

"அவர்கள் வருவதற்கு முன்னால் சொல்லிவிடு. அடுப்பில் இருப்பது காத்திருக்கும், இது காத்திருக்காது."

நான் போனை எடுப்பேன், அர்பாபின் பெயரைப் பார்ப்பேன், வைத்துவிடுவேன். திங்கள், செவ்வாய், புதன் இப்படியே போனது. நேரில் சொல்வதுதான் மரியாதை என்று எனக்கு நானே ஒரு காரணம் செய்துகொண்டேன்.

வடுவை மட்டும் வீணாக்கவில்லை. பறித்தது ஒரு தப்பு, அழுகவிட்டால் இரண்டு தப்பு. அன்று மத்தியானமே கழுவித் துடைத்து, கல்லுப்பு, கடுகு, மிளகாய், மஞ்சள் போட்டு மேடத்தின் பெரிய கண்ணாடி ஜாடியில் அடைத்தேன். விளக்கெண்ணெய்க்கு எங்கே போவது? ஆலிவ் எண்ணெயைத் தடவினேன். தினமும் காலையில் குலுக்கிவிட்டு, யார் கண்ணிலும் படாமல் அரிசி மூட்டைக்குப் பின்னால் தள்ளிவைத்தேன். வெள்ளிக்கிழமைக்குள் தண்ணீர் விட்டு, அழகாகச் சுருங்கிவிட்டது. ஜாடி தேறிவிட்டது, நான்தான் தேறவில்லை.

சனிக்கிழமை

வாசல் கேட்டில் நிற்பது, அர்பாப் காரிலிருந்து இறங்கியதும் சொல்லிவிடுவது. இதுதான் திட்டம். இந்தியில் இரண்டு வாக்கியம் மனப்பாடம் செய்து வைத்திருந்தேன். ஆனால் அர்பாபின் காரும் அண்ணனின் கார்களும் ஒன்றாகவே வந்தன. சலாம், கட்டியணைப்பு, காவா என்கிற அரபுக் காப்பி, ஒரு பேரீச்சம்பழம். அடுத்த நிமிடம் எல்லாரும் எழுந்து கொட்டகையை நோக்கி நடந்தார்கள். நான் கையில் கரண்டியோடு பின்னால் ஓடினேன்.

அண்ணன் ஒல்லியான மனிதர். ஃபுஜைரா பக்கம் மலைப்பள்ளத்தாக்கில் பெரிய மாந்தோப்பு வைத்திருப்பவர். அவர் மரத்தை ஒரு சுற்று சுற்றி வந்தார். காம்பு ஒடிந்த இடங்களில் பால் காய்ந்து கறுத்திருந்தது. ஒன்றைத் தொட்டுப் பார்த்தார்.

அர்பாப் மரத்தைப் பார்த்தார். கிளை கிளையாகப் பார்த்தார். "மாங்காய் எங்கே?" என்று இந்தியில் கேட்டார். யாரிடம் என்று இல்லை, காற்றிடம் கேட்டது போலிருந்தது.

மனப்பாடம் செய்த இரண்டு வாக்கியமும் போன இடம் தெரியவில்லை. "நான்தான் பறித்தேன், அர்பாப்" என்றேன்.

அண்ணன் திரும்பினார். அவருக்கும் இந்தி தெரியும். "நீயா? எல்லாவற்றையுமா?"

"எல்லாத்தையும்."

"ஷாபாஷ்!" என்று என் தோளில் ஒரு அடி போட்டார்.

அதற்கப்புறம் அரபியில் மூச்சுவிடாமல் பேசினார். பதினைந்து வருடம் இங்கே வண்டி ஓட்டும் செல்வராஜ் என் காதோரம் வந்து நின்று, கல்யாண வீட்டில் ரகசியம் சொல்கிறவன் போலச் சொன்னான். "கெள எல்லாம் வெரல் தண்டிதான் இருக்காம். மொதக் காய்ப்ப விட்டா மரம் நோஞ்சானாப் போயிருமாம். கிள்ளித்தான் போடணுமாம். தம்பிக்கு மனசு வராதுன்னு தெரிஞ்சு, தானே பறிச்சுப் போடலாம்னுதான் வந்தாராம்... ஏ வே, உமக்கு எங்கயோ மச்சம் இருக்கு!"

அண்ணன் அர்பாப்பிடம் கேட்டார். இதற்குச் செல்வராஜ் தேவைப்படவில்லை, கையாலேயே புரிந்தது. இப்படி ஒரு ஆள் உனக்கு எங்கே கிடைத்தான்?

அர்பாபின் முகத்தில் துக்கம், கோபம், பெருமை மூன்றும் வரிசையாக வந்து போயின. பெருமை கடைசியில் வந்ததால் நின்றுவிட்டது. என்னைக் காட்டி என்னவோ சொன்னார்.

"என் ஆளு, மரம் தெரிஞ்சவன்னு சொல்லுதாரு" என்றான் செல்வராஜ்.

நான் தலையை ஆட்டினேன். மறுத்து ஆட்டவில்லை.

சாப்பாடு ஒரு குறையும் இல்லை. காலையில் படகில் வந்த பாறை மீனைக் கரியில் சுட்டிருந்தேன். சுட்ட கத்தரிக்காயில் ஆட்டுத் தயிர். முள்ளங்கியும் ஜர்ஜீர் கீரையும் எலுமிச்சை பிழிந்து. சுக்காங்கீரைப் பருப்பு. கடைசியாக ஒரு தட்டு இலந்தைப் பழம். அது இங்கே எல்லாத் தோட்டத்து வேலியிலும் அந்த மாதம் உதிரும். தட்டுகள் காலியாகத் திரும்பி வந்தன. ஜாடி மட்டும் மூட்டைக்குப் பின்னாலேயே இருந்தது.

மரத்து ஆள்

விருந்தாளிகள் காவாவுக்கு உட்கார்ந்ததும் அர்பாப் சமையலறைக்கு வந்தார். நல்ல உற்சாகம்.

"முத்து, விசா ரெனியூ. முடிவு செய்துவிட்டேன். நாளையிலிருந்து உனக்கு மரம்தான். அண்ணன் உன்னைக் கேட்கிறார். கோடை முழுக்க அவர் தோப்பில் இரு, பிறகு இங்கே வந்து என் மரங்களைப் பார். கிச்சன் கலாஸ். கிச்சனுக்கு ஒரு பையனைப் பிடித்துக்கொள்ளலாம்."

போய்விட்டார். பாத்திரம் கழுவுமிடத்தில் நின்றிருந்த செல்வராஜ் இரண்டு கையையும் தூக்கிக் கும்பிட்டான்.

"சாமி கண்ணத் தொறந்துட்டு வே!"

"மரத்தப் பத்தி எனக்கு என்னய்யா தெரியும்? ஏறத் தெரியும், பறிக்கத் தெரியும். அவ்வளவுதான்."

"தண்ணி ஊத்துனா வளருது. வேற என்ன? விசா கெடச்சாச்சுல்லா, பொத்திக்கிட்டு இரும்."

"அடுப்பு போச்சேய்யா."

செல்வராஜ் என்னை ஏற இறங்கப் பார்த்தான். "எத்தன அடுப்ப விட்டுட்டு வந்தவரு நீரு? எதுக்காவது திரும்பிப் பாத்திருக்கீரா?"

இல்லைதான். பம்பாயில் ஒரு துண்டை மறந்து வைத்துவிட்டு வந்தேன், அதற்குக்கூடத் திரும்பிப் போகவில்லை. ஆனால் மறுநாள் காலை எழுந்து, பாத்திப் பக்கம் போய், முள்ளங்கியைப் பிடுங்கி முகர்ந்துவிட்டு, அதை வேறு யாரோ ஒருவன் கையில் கொடுத்துவிட்டுப் போவதை நினைத்துப் பார்த்தேன். முடியவில்லை. இன்னொன்றும் இருந்தது. மாந்தோப்புக்காரர் இரண்டாவது நாளே என்னைக் கண்டுபிடித்துவிடுவார்.

கார்கள் கிளம்பிப் போயின. அஸர் தொழுகைக்கு அர்பாப் குழாயடியில் கை கால் கழுவிக்கொண்டிருந்தார். முடிக்கும் வரை நின்றேன்.

"அர்பாப், ஏக் பாத்."

"சொல்."

"எனக்கு மரம் தெரியாது."

"அண்ணன் சொன்னாரே, நீ செய்தது சரி என்று."

"சரியாப் போச்சு. ஆனா நான் மரத்துக்காகப் பறிக்கல. ஆச்சாருக்காகப் பறிச்சேன்."

குழாயை மூடினார். சொட்டுவது நின்றது.

"என்ன சொன்னாய்?"

"ஆச்சார், அர்பாப். எங்க ஊருல சின்ன மாங்காயில போடுவோம்."

"என் மாங்காயை நீ ஆச்சார் போட்டாயா?"

"ஆமா."

"ஒன்றுகூட விடவில்லையா?"

"உச்சியில ஒண்ணு இருந்துச்சு." பொய் சொல்ல ஆரம்பித்தால் மறுபடி முதலிலிருந்து வரவேண்டும். "ஏணி வச்சுப் பறிச்சேன்."

என்னைப் பார்த்துக்கொண்டே நின்றார். "கொண்டு வா" என்றார்.

ஜாடியைத் தூக்கிக்கொண்டு வந்தேன். மூடியைத் திறந்ததும் கடுகும் மாம்பாலும் கலந்த அந்த வாசனை ஏறியது. என் வாயில் எச்சில் ஊறியது, அந்த நிலைமையிலும். அவர் ஒன்றை எடுத்தார். கடித்தார். தோள் இரண்டும் காதுவரை ஏறின. ஒரு கண் மூடிக்கொண்டது.

"யா அல்லாஹ்!"

மிச்சப் பாதியை என் உள்ளங்கையில் வைத்தார். குழாயைத் திறந்து வாய் கொப்பளித்தார், மூன்று முறை. பிறகு கொட்டகைப் பக்கம் நடந்தார். மரத்தடியில் போய் நின்றார். அங்கிருந்து என்னைத் திரும்பிப் பார்த்தார். மறுபடி மரத்தைப் பார்த்தார். நான் கையில் பாதி வடுவோடு, ஜாடியை இடுப்பில் வைத்துக்கொண்டு, வெயிலில் நின்றேன். தின்னவும் தோன்றவில்லை, போடவும் தோன்றவில்லை.

திரும்பி வந்தார். விரலை என் மூக்குக்கு நேராக நீட்டினார்.

"அடுத்த வருஷம் அந்த மரத்துப் பக்கம் உன் நிழல் விழுந்தது, நானே உன்னை ஏர்போர்ட்டில் கொண்டுபோய்ப் போடுவேன். மரத்துக்கு வேறு ஆள் பார்க்கிறேன். நீ உன் கிச்சனுக்குப் போ. யல்லா!"

தொழுகைக்குப் போய்விட்டார். செல்வராஜ் பிக்கப்பின் பின்னாலிருந்து மெல்ல வெளியே வந்தான். அவன் கையில் ஏற்கனவே வண்டிச் சாவி இருந்தது.

"என்ன வே? எப்ப டிக்கெட்டு?"

"அடுத்த வருசம் அந்த மரத்துப் பக்கம் நான் போகக்கூடாதாம்."

"அது கெடக்கட்டும், டிக்கெட்டு எப்பன்னு கேக்கேன்."

"அடுத்த வருசம், அந்த மரத்துப் பக்கம், போகக்கூடாதாம்யா."

சாவியை விரலில் இரண்டு சுற்று சுற்றினான். பிறகு நின்றுவிட்டான். அவன் பல் வெளியே தெரிய ஆரம்பித்தது. சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு ஜாடிக்குள் எட்டிப் பார்த்தான்.

"சோறு மிச்சம் இருக்கா வே?"

இருந்தது. ஆட்டு மோரை ஊற்றிப் பிசைந்தேன்.